சேற்றுக் காலுக்குத் தடை

குளத்தங்கரை மருத மரத்தில் பதினோரு குடிகள் இருந்தன. உச்சியில் கிளி. அதற்குக் கீழே காகம். நடுப் பொந்துகளில் மைனா, ஆந்தை, மரங்கொத்தி, அணில். இன்னும் சில. அடியில், வேர்ப் பொந்தில், ஒரு தேரை.

பெரிய மரம். நல்ல நிழல். ஆனால் நிர்வாகம் ஓர் உடும்பின் கையில் இருந்தது. வம்பு அங்கேதான்.

மூன்றாவது கிளை பிரிகிற இடத்தில் ஒரு பெரிய பொந்து உண்டு. மழை பெய்தால் நிரம்பிவிடும். கோடையில் குளம் வற்றினாலும் அந்தத் தண்ணீர் வற்றாது. அடுத்த மழை வரைக்கும் மரத்துக்கே அதுதான் குடிநீர். அந்தப் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உடும்பு படுத்திருக்கும். பெயர் கெட்டியப்பன். யார் எப்போது குடிக்கலாம், எத்தனை வாய் குடிக்கலாம், எல்லாம் அவர் வைத்த சட்டம்.

அந்த மரத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. மரத்துக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. பசித்தால் வெளியே போய்க்கொள்ள வேண்டியது. காகம்கூட அதை மதித்தது. ஆந்தையும் மதித்தது. மதிக்காதவர் கெட்டியப்பன் ஒருவர்தான். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் வருஷத்துக்கு ஒரு முட்டை அவருக்குப் போக வேண்டும். கேட்டால், "பராமரிப்புக்கு" என்பார்.

என்ன பராமரிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். விடிந்ததும் குளத்துக்குப் போவார். சேற்றுக் காலோடு திரும்பி வருவார். பொந்துக்கு வெளியே பட்டையில் சேற்றை அப்புவார். தண்ணீருக்குள்ளும் இறங்கிக் காலைக் கழுவுவதுபோல ஏதோ செய்வார். பிறகு படுத்துவிடுவார். மரம் முழுக்க அவர் கால் தடம்.

"குடிக்கிற தண்ணியில காலை விடுறாரே" என்று கிளி முணுமுணுக்கும். சத்தமாகச் சொல்லாது.

அந்த வருஷம் மைனா மூன்று முட்டை இட்டிருந்தது. மைனாவின் பெயர் தைலம்மை. நீல நிற முட்டைகள். இட்ட மறுநாளே கெட்டியப்பன் கூட்டு வாசலில் வந்து நின்றார்.

"எதை எடுத்துக்கட்டும், தைலம்மை? நீயே சொல்லு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

தைலம்மை முட்டையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"போன வருஷம் ஒண்ணு கொடுத்தேன். அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு கொடுத்தேன். அதுகளுக்குப் பேருகூட வச்சிருந்தேன். இந்த வருஷம் கிடையாது."

"அப்ப தண்ணி?"

"தண்ணி மழை கொடுத்தது. பொந்து மரத்தோடது. நீங்க யாரு அண்ணாச்சி நடுவுல?"

காகம் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது.

"சரியாத்தானே கேக்குது" என்றது.

அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக யாராவது முதலில் சொல்ல மாட்டார்களா என்று எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். காகம் வாலைக் கொத்தியது. கிளி காதருகே கீச்சிட்டது. அணில் மருதங்காயாகப் பார்த்துப் பொறுக்கி எறிந்தது. மரங்கொத்தி முதுகில் இரண்டு வைத்தது. ஆந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பகல் வேளையில் அதனால் முடிந்தது அதுதான்.

உடும்பின் பிடி தெரிந்ததுதானே. பத்து நாளாவது சண்டை நடக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கெட்டியப்பன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டார்.

"சரி. வச்சுக்கோங்க."

மெதுவாக இறங்கினார். அடிமரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஒப்படைச்சாச்சு. வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். இடத்தைக் காலி பண்ணும்" என்றது காகம்.

கெட்டியப்பன் சிரித்தார். உடும்பு சிரித்தால் பார்க்கச் சகிக்காது. குளத்துக்குள் இறங்கிப் போனார். குளம் பெரும்பாலும் வெடித்துக் கிடந்தது. நட்ட நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் ஈரம் பாக்கி இருந்தது. அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டார்.

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று மரத்தில் ஒரே கொண்டாட்டம். எல்லோரும் வரிசை பார்க்காமல், வாய் எண்ணாமல், வயிறு நிறையக் குடித்தார்கள். தைலம்மையை எல்லோரும் புகழ்ந்தார்கள். மறுநாள் காலை உச்சிக் கிளையில் கூட்டம் போட்டார்கள். மரத்தை இனி நாமே பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று பேச்சு வரவில்லை. யார் தலைவர் என்றுதான் வந்தது.

கிளி நன்றாகப் பேசும். அது தலைவி ஆயிற்று. அதன் பெயர் மரகதம். காகத்துக்கு நாலு ஊர்ப் பழக்கம் உண்டு. பெயர் கருப்பையா. அவர் செயலாளர். ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுப்புச் சொல்லாததால் துணைத் தலைவர். அணிலுக்கு வருத்தம் வந்தது. உடனே அணில் இணைச் செயலாளர். மரங்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் ஒன்று. தைலம்மைக்குக் குடிநீர்ப் பொறுப்பாளர் என்று பெயர். பெயர்தான். முட்டையைவிட்டு அவள் எங்கே நகர்வது? இப்படியே போய்ப் பத்துக் குடிக்குப் பத்துப் பதவி ஆயிற்று.

"அப்ப உறுப்பினர் யாரு?" என்று அணில் கேட்டது.

எல்லோரும் யோசித்தார்கள்.

"அம்மாசி இருக்காருல்ல" என்றார் கருப்பையா.

அம்மாசி என்பது வேர்ப் பொந்துத் தேரை. உச்சிக் கிளைக்கு ஏறி வர அவரால் முடியாது. அதனால் கூட்டத்துக்கு வரவில்லை. வராததால் உறுப்பினர். அவரிடம் போய்ச் சொல்வதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதல் தீர்மானம் ஒரே குரலில் நிறைவேறியது. இனிமேல் சேற்றுக் காலோடு யாரும் மரத்தில் ஏறக் கூடாது.

இரண்டாவது தீர்மானம், கெட்டியப்பன் அப்பி வைத்த அழுக்கை எல்லாம் சுரண்டி எடுப்பது. மரகதம் அதைப் பற்றி வெகு நேரம் பேசியது. மரத்தின் அழகு என்றது. மானம் என்றது. பக்கத்து அரச மரத்துக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றது. பக்கத்து அரச மரத்தில் நான்கு எறும்புகள்தான் குடியிருந்தன. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மரங்கொத்தி வேலையை ஆரம்பித்தது. காய்ந்த மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பொந்துக்குப் பின்பக்கம் ஓர் இடத்தில் மண் கைப்பிடி கனத்துக்கு இருந்தது. அங்கே வந்ததும் மரங்கொத்தி நின்றது.

"செயலாளரே, இங்க அடியில ஈரமா இருக்கு."

"எடு."

"உள்ள ஒரு வெடிப்பு மாதிரி தெரியுது."

"தீர்மானத்துல வெடிப்பைப் பத்தி ஒண்ணும் இல்ல. அழுக்கை எடுக்கணும்னுதான் இருக்கு. எடு."

மரங்கொத்தி எடுத்துவிட்டது. அலகைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மரம் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் பறந்து பறந்து பார்த்து மகிழ்ந்தார்கள்.

தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

வெளியே தெரியவில்லை. பட்டைக்கு உள்ளே பூச்சி அரித்த பழைய வழி ஒன்று இருந்தது. அதன் வழியாக ஓசைப்படாமல் இறங்கி, வேர்ப் பொந்துக்குள் போய்ச் சேர்ந்தது.

கோடைக்காலம் தேரைக்குப் பொல்லாத காலம். அம்மாசி மண்ணுக்குள் புதைந்து, கண்ணை மூடி, மூச்சைக் குறைத்து, மழைக்காகக் காத்துக் கிடந்தார். முதுகில் ஏதோ சொட்டியது. ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொரு சொட்டு. வெளியே வந்து பார்த்தார். வீட்டுக்குள் ஒரு சின்னக் குட்டை! காலை நீட்டினார். நனைந்தது. உட்கார்ந்தார். இடுப்பு வரை நனைந்தது. அவருடைய அப்பன் காலத்திலும் இப்படி ஒரு வைகாசி வந்ததில்லை.

அம்மாசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டையை உப்ப வைத்துப் பாட ஆரம்பித்தார்.

மேலே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"தேரை பாடுது!"

"மழை வரப் போகுது!"

வேறென்ன நினைப்பார்கள்? தேரை பாடினால் மழை. குஞ்சுக்குக்கூடத் தெரியும். மரகதம் அப்போதே கூட்டத்தைக் கூட்டி மழை வருவதாக அறிவித்தது. மழை வரப்போகிறபோது தண்ணீரைச் சேர்த்து வைத்து என்ன செய்வது? எல்லோரும் குளிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். காகம் தலை முழுகியது. அணில் வாலை அலசியது. கிளி ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளித்தது. தலைவி சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டது.

அவர்கள் குளிக்கக் குளிக்க அம்மாசி வீட்டில் தண்ணீர் ஏறியது. ஏற ஏறப் பாடினார். பாடப் பாட மழை நிச்சயம் என்று இவர்கள் குளித்தார்கள்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. வானத்தில் மேகம் என்று ஒரு கீற்றுகூட இல்லை.

தைலம்மை மட்டும் கவனித்தாள். குடிக்க வரும்போதெல்லாம் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. முதலில் ஓரத்தில் நின்று குடித்தாள். பிறகு குனிந்தாள். பிறகு உள்ளே ஒரு காலை இறக்க வேண்டி வந்தது. செயலாளரிடம் சொன்னாள். வெயிலுக்குக் குறையும் என்றார் கருப்பையா. தலைவியிடம் சொன்னாள். மழை வருகிறது, பயப்படாதே என்றது மரகதம்.

"குடிநீர்ப் பொறுப்பாளர் நான்தானே. நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள்.

"பொறுப்பாளர் கவலைப்படக் கூடாதும்மா. கவலைப்பட்டா மத்தவங்களும் கவலைப்படுவாங்க" என்று புத்தி சொன்னார் கருப்பையா.

அன்றைக்கே இன்னொரு விஷயம் நடந்தது. அடித்தளத்திலிருந்து ஆள் வந்தார்.

அம்மாசி காலையில் ஏற ஆரம்பித்து, உச்சி வெயிலுக்கு மூன்றாவது கிளையை எட்டினார். நாலு தடவை வழுக்கி விழுந்ததாகக் கேள்வி. மூச்சு வாங்கியது. காகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நடுங்கினார். மரத்து வழக்கம் நினைவுக்கு வந்ததும் தைரியமானார். கிளியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயி, நல்லா இருக்கணும். நீங்க நிர்வாகத்துக்கு வந்ததும் என் வீட்டுக்கே தண்ணி விட்டுட்டீங்களே. அந்த உடும்பு இருந்தவரைக்கும் என்னை ஒருத்தர் எட்டிப் பார்க்கல. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

மரகதத்துக்கு எந்தத் தண்ணீர் என்று தெரியவில்லை. ஆனால் நன்றி யாருக்கு என்று தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அடித்தளத்துக்கு நல்லது செய்யணும்கிறது எங்க முதல் நோக்கம்" என்றது.

"உறுப்பினரே பாராட்டிட்டாரு" என்றார் கருப்பையா. இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

தைலம்மை கூட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"அம்மாசி அண்ணே, தண்ணி எப்ப இருந்து வருது?"

"ஒரு வாரமா. மரத்தைச் சுரண்டினாங்கல்ல, அதுக்கு மறுநாள்ல இருந்து."

"எவ்வளவு வருது?"

"நீச்சல் அடிக்கலாம்மா!"

தைலம்மை பொந்தைப் பார்த்தாள். மரங்கொத்தி பொந்தைப் பார்த்தது. கருப்பையா பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்கும் கீழே கிடந்தது தண்ணீர்.

அம்மாசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கும் புரிந்தது.

"அப்ப மழை?" என்று அணில் கேட்டது.

"மழையா? மழைக்கு நான் எங்கம்மா பாடினேன்? வீட்டுக்குத் தண்ணி வந்துச்சு. பாடினேன்" என்றார் அம்மாசி.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆறு மூன்று ஊர் தள்ளி இருந்தது. இறக்கை உள்ளவர்கள் பறந்து போய்விடலாம். முட்டை பறக்காது. தைலம்மை மறுபடி முட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மரகதமும் கருப்பையாவும் கெட்டியப்பனைப் பார்க்கப் போனார்கள். குளத்து நடுவில் ஈரத்தின்மேல் அவர் சுகமாகப் படுத்திருந்தார். இவர்கள் வருவது தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

"தண்ணி குறையுதாக்கும்" என்றார்.

கருப்பையா விஷயத்தைச் சொன்னார். கெட்டியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் பொந்தில் வெடிப்பு இருப்பது அவருடைய தாத்தா காலத்திலிருந்தே உண்டு. குளத்துக் களிமண்ணை வெளியே அப்ப வேண்டும். உள்ளே இறங்கியும் மிதித்து அடைக்க வேண்டும். தினம் கொஞ்சம் கரையும். தினம் அடைக்க வேண்டும். சேற்றுக் காலோடு ஏறியது பின்னே எதற்கு, அழகுக்கா?

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றது மரகதம்.

"கேக்கணுமான்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாம்னாரு உங்க செயலாளர்."

கருப்பையா வேறு பக்கம் பார்த்தார்.

"சரி, கொஞ்சம் களிமண் கொடும்" என்றது மரகதம்.

"ஈரமா இருக்கிறது இந்த இடம் ஒண்ணுதான். இது இப்ப என் வீடு. மண் வேணும்னா நானே வந்து அடைக்கிறேன். பழையபடி பொந்து வாசல் எனக்கு. அப்புறம் தைலம்மை கூட்டுல இருக்கிற மூணும்."

"வழக்கமா ஒண்ணுதானே?"

"அது பராமரிப்புக்கு. மத்த ரெண்டும் என் வாலைக் கொத்தினதுக்கு."

இருவரும் திரும்பி வந்தார்கள். அவசரக் கூட்டம். இந்த முறை மூன்றாவது கிளையில், பொந்தைச் சுற்றியே உட்கார்ந்தார்கள். அம்மாசி இறங்கிப் போகத் தெம்பில்லாமல் அங்கேயே இருந்தார். அதனால் முதல்முறையாகக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இருந்தார்.

கருப்பையா சுற்றி வளைத்துப் பேசினார். மரம் பெரிது என்றார். பொதுநலம் என்றார். முட்டை அடுத்த வருஷமும் இடலாம், மரம் அடுத்த வருஷம் முளைக்குமா என்றார். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலில் கெட்டியப்பனை எதிர்த்துக் கேட்டது யார் என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் தாகமும் இருந்தது.

"கொடுத்துடலாம்கிறவங்க இறக்கையைத் தூக்குங்க" என்றார்.

ஒரு இறக்கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. அணிலுக்கு இறக்கை இல்லை. வாலைத் தூக்கலாமா வேண்டாமா என்று தவித்தது.

தைலம்மை கத்தவில்லை. அழவில்லை.

"என் முட்டையைக் கேக்க வந்தவர் ஒருத்தர்தான் இருந்தாரு. இப்ப ஒன்பது பேர் ஆயிட்டீங்க. இதுக்கு அவரே தேவலையே" என்றாள்.

தூக்கிய இறக்கைகள் இறங்கின.

அப்போது அம்மாசி தொண்டையைச் செருமினார்.

"நான் பதவி எதுவும் இல்லாதவன். பேசலாமா?"

"பேசும்" என்றது மரகதம்.

"உங்களுக்கு வேண்டியது களிமண்தானே?"

"ஆமா."

"ஒரு வாரமா என் வீட்டுல தண்ணி நிக்குது. அந்த மண்ணு என்னவா ஆகியிருக்கும்னு நினைக்கிறீங்க? முழங்கால் வரைக்கும் களிதான். வேணும்கிற மட்டும் அள்ளிக்கோங்க."

மரங்கொத்தி ஒரு கூவல் கூவியது. அணில் இரண்டு தாவலில் அடிமரத்துக்குப் போய்விட்டது.

"நில்லு!" என்றார் கருப்பையா. "சேற்றுக் காலோட ஏறக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு. அதை முதல்ல ரத்து பண்ணணும். அதுக்குத் துணைத் தலைவர் சம்மதம் வேணும். அவரு தூங்குறாரு."

"தூங்கட்டும். அவருக்கும் ஒரு வேலை இருக்கு" என்றாள் தைலம்மை.

நேரே ஆந்தையிடம் போனாள். தோளைப் பிடித்து நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து தன் கூட்டில் மூன்று முட்டைமேல் உட்கார வைத்தாள். ஆந்தை கண்ணைத் திறக்காமலே இறகை விரித்துப் போர்த்திக்கொண்டது. நல்ல கதகதப்பு. அந்த மரத்தில் துணைத் தலைவர் செய்த முதல் வேலை அது. தூங்கிக்கொண்டே செய்தார்.

தைலம்மை வேர்ப் பொந்துக்குப் பறந்தாள். இரண்டு காலையும் களிமண்ணில் அமுக்கினாள். அப்படியே பறக்காமல், மரத்தில் தத்தித் தத்தி, ஒவ்வொரு கிளையிலும் கால் பதித்து ஏறி வந்தாள். பளிச்சென்று இருந்த பட்டையில் வரிசையாகத் தடம் விழுந்தது. கருப்பையா முன்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்க என் கால். தீர்மானத்தை இதுல ஒட்டுங்க."

மரகதம் கெக்கெக்கென்று சிரித்துவிட்டது. தலைவி சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கருப்பையா கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். பிறகு பறந்து கீழே போய், வாய் நிறையக் களிமண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். வாய் நிறைய மண் இருந்ததால் பேசவில்லை. மரத்துக்கு அது பெரிய நிம்மதி.

வேலை சுலபமாக இல்லை. வெளியே அப்பிய மண்ணைத் தண்ணீர் தள்ளித் தள்ளி வெளியேற்றியது. உள்ளே இறங்கி அடைக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் யார் போவது? எல்லோரும் அம்மாசியைப் பார்த்தார்கள்.

"அட, அது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வரும்" என்றார் அம்மாசி. குதித்தார்.

மேலேயிருந்து மண் உருண்டையைப் போடப் போட, அவர் அடியில் அதை வாங்கி, வெடிப்பில் வைத்து, பின்னங்காலால் உதைத்து உதைத்து அடைத்தார். அணில் எங்கிருந்தோ தேங்காய் நார் கொண்டுவந்து மண்ணில் பிசைந்தது. நார் சேர்ந்ததும் மண் பிடித்துக்கொண்டது. வெளியே மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டி இறுக்கியது. கிளி இருந்ததே கிளி, பச்சையே தெரியவில்லை. தலையிலிருந்து வால் வரை களிமண். எது மரகதம், எது மண் உருண்டை என்று தெரியாமல் கருப்பையா ஒரு தடவை அதையே கவ்வப் பார்த்தார்.

"செயலாளரே, அது தலைவி!" என்று அணில் கத்தியது.

வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது. தண்ணீர் மட்டத்தில் அணில் ஒரு குச்சியைச் செருகி வைத்தது.

விடிந்ததும் எல்லோரும் பொந்தைச் சுற்றி நின்றார்கள். குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீரும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது அடிமரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அம்மாசியைக் கருப்பையாவே முதுகில் ஏற்றி வீட்டில் இறக்கி விட்டிருந்தார்.

"வீடு காஞ்சுபோச்சு!" என்று அம்மாசி கத்தினார். "சொட்டுத் தண்ணி இல்ல! இருந்ததையும் மண்ணு குடிச்சிடுச்சு!"

வீடு காய்ந்ததற்குத் தேரை கூத்தாடியதை அன்றுதான் பார்த்தார்கள்.

அவரைக் காய விடவில்லை. கருப்பையா மறுபடி போய் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். பொந்துக்குள்ளேயே ஓர் ஓரத்தில் அம்மாசிக்கு இடம் கொடுத்தார்கள். தினமும் அடியில் போய் வெடிப்பைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை. மேலே மண் கொண்டுவருவது மற்றவர்கள் வேலை. வேர்ப் பொந்து மண்ணில் தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்துக்கொண்டார்கள். குடிக்க வருகிறவர் காலில் கொஞ்சம் களிமண்ணோடு வர வேண்டும். அப்பிவிட்டுக் குடிக்க வேண்டும். தலைவியும் அப்படித்தான். செயலாளரும் அப்படித்தான். இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கெட்டியப்பன் வந்தார். குளத்து நடுவில் இருந்த ஈரமும் காய்ந்துவிட்டது. முதுகுத் தோல் வெடித்திருந்தது. அடிமரத்தில் நின்று மேலே பார்த்தார்.

"ஒரு வாய் தண்ணி" என்றார்.

மரம் தைலம்மையைப் பார்த்தது. அவள் அவருடைய வெடித்த முதுகைப் பார்த்தாள்.

"தரலாம். முட்டைன்னு வாயைத் திறந்தா அன்னிக்கோட சரி. வேர்ப் பொந்துல மண் இருக்கு. அள்ளிட்டு வாங்க."

"நானா?"

"மத்த எல்லாரும் அப்படித்தான் குடிக்கிறாங்க, அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

கெட்டியப்பன் முறைத்தார். கருப்பையா ஒரு கிளை இறங்கி வந்து அவர் வாலைப் பார்த்தார். கெட்டியப்பன் வாலைச் சுருட்டிக்கொண்டு மண்ணில் காலை வைத்தார். ஏறி வந்தார். அப்பினார். நன்றாகவே அப்பினார், அதையும் சொல்ல வேண்டும். ஒரு வாய் குடித்தார். யாரும் வாய் எண்ணாததைப் பார்த்து இன்னும் நாலு வாய் குடித்தார்.

இறங்கும்போது, "அந்தக் கீழ் மூலையில நார் பத்தாது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். காலில் மண் இருந்தது.

மூன்று முட்டையும் பொரிந்தன. மூன்றுமே சரியான வாயாடிகள். துணைத் தலைவரைத்தான் முதலில் அம்மா என்று நினைத்தன. அவர் மறுப்புச் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்து ஒரு நாள் அம்மாசி பாடினார். எல்லோரும் ஓடிவந்து முதலில் குச்சியைப் பார்த்தார்கள். தண்ணீர் குறையவில்லை. பிறகுதான் வானத்தைப் பார்த்தார்கள். கறுத்திருந்தது. முதல் துளி மரகதத்தின் தலையில் விழுந்தது. ஒரு மாதமாகக் காய்ந்திருந்த களிமண் கரைந்து ஓட, கிளி மறுபடி பச்சையாயிற்று. குஞ்சுகளுக்குத் திகைப்பு. தலைவி மண் நிறம் என்றுதான் அவை நினைத்துக்கொண்டிருந்தன.

நம் இடத்தை நாமே ஆள ஆசைப்படுகிறவர்கள், அங்கே தினமும் நடக்கிற வேலை என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லோரும் அந்தச் சேற்றில் கால் வைக்க வேண்டும்.